பூட்டிய வீட்டில் ஒரு வாழைக்குலை

கண்டி
28.7.1983

அன்புள்ள அப்பா,

வணக்கம். நான் சுகம். மடுல்கெல்லையில் நீங்கள் சுகம்தானே? அம்மாவின் இருமல் குறைந்ததா?

டவுனில் தமிழர் கடைகள் சில எரிந்தன. எங்கள் தெருவில் ஒன்றுமில்லை. பழம் விற்கும் சிங்களப் பெண் சோமாவதி அக்கா எங்கள் முன்கதவை வெளியே பூட்டிவிட்டு, பின் சன்னல் வழியாக ஒரு வாழைக்குலை தந்தார். “இது காய், நாள் கிடக்கும் மகள். வீட்டுல ஆள் இல்லன்னு நெனைக்கட்டும்” என்றார். என்னைத் தன்னோடு தங்க வைத்திருக்கும் இரஞ்சிதம் ரீச்சரும் நானும் அதைத்தான் அவித்துச் சாப்பிடுகிறோம். தோலைக்கூடப் பொடியாக அரிந்து வறை வறுத்தோம். வாழைக்காயில் மாவுச்சத்து நிறைய உண்டு, கவலைப்படாதீர்கள்.

இன்று ஒரு சீப்பு மஞ்சளாகிவிட்டது.

“வாசம் றோட்டுக்குப் போகும் பிள்ளை, சாக்கால மூடு” என்றார் ரீச்சர்.

மூடினால் இன்னும் விரைவாகப் பழுக்கும் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்ததைச் சொன்னேன். அவர் கையில் எடுத்த சாக்கைக் கீழே போட்டார்.

“அப்ப முழுக்க இண்டைக்கே அவிப்பம்.”

நாளைக்கு ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்தும் கத்தியை எடுத்தேன்.

சோமாவதி அக்கா சன்னலைத் தட்டுகிறார். இந்தக் கடிதத்தை எப்படியாவது அனுப்புவாராம். நீங்கள் கொண்டுவருவதாகச் சொன்ன என் நீலச் சுவெட்டரை இப்போது கொண்டுவர வேண்டாம். வந்தே தீர்வதானால், வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள் அப்பா.

உங்கள் மகள்