பிரிக்காமல் விட்ட பெயர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இடுப்பு வலியும் தையல் மிஷினின் பெல்ட் அறுந்ததும் தவிர இங்கே எனக்கு எல்லாம் சுகம், அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும். உன் அப்பாவுக்குத்தான் முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. பதறாதே, அவருடைய முழங்கால் இல்லை, நம் ஊர் கால்பந்து கிளப்பில் இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த பையனுடையது. துள்ளித் துள்ளி ஓடுவதால் வெட்டுக்கிளி என்று பட்டப்பெயர், அதையே சட்டை முதுகிலும் போட்டுக்கொண்டான். மூன்றாவது ஆட்டத்திலேயே விழுந்தான். விழுந்தது அவன், படுத்தது உன் அப்பா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன் இப்போது எலும்பு வைத்தியராகிவிட்டார். மருந்துக் கடைக்காரரைக் கேட்டார், பல் டாக்டரைக் கேட்டார், கடைசியில் கால்நடை டாக்டரிடம் போய்க் குதிரைக்கு இப்படி ஆனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். அந்தக் குதிரையைக் கொன்றுவிடுவார்கள் என்று அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, அப்பா இரண்டு வேளை சாப்பிடவில்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எனக்கே பழமொழி சொல்கிறார். ஊட்டுவது இருக்கட்டும், முதலில் அடுப்புக்கு சிலிண்டரை மாற்றுங்கள் என்றேன்.

எனக்கு இது ஏன் என்று தெரியாமல் இல்லை. நீ அந்த பேக்கரியில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே தட்டோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாய், அடுப்பருகே உன் இடத்தில் வேறொரு பெண்ணை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னாய். அன்று போனை வைத்துவிட்டு அப்பா உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து வெட்டுக்கிளியின் எதிர்காலம் என்னாகும், முதல் வருஷப் பையனை எந்தக் கிளப் காத்திருந்து வைத்துக்கொள்ளும் என்று ஓயாத புலம்பல். எனக்கென்ன காது இல்லையா, யாரைப் பற்றிய புலம்பல் என்று தெரியாதா.

கேள், கூத்து அதற்கு மேல்தான். கிளப் சட்டைகளுக்கு முதுகில் பெயர் தைப்பது நான்தானே. பழைய பெயரைப் பிளேடால் பிரிப்பது அப்பா வேலை, புதுப் பெயரை வைத்துத் தைப்பது என் வேலை. வெட்டுக்கிளியின் சட்டை மூன்றையும் அனுப்பி, அவன் பெயரை எடுத்துவிட்டு அவனுக்குப் பதிலாக வந்தவன் பெயரைப் போடச் சொன்னார்கள். அப்பா மூட்டையை வாங்கி அலமாரிக்கு மேலே வைத்தார். பிரித்தாயிற்றா என்றால் ஆகட்டும் என்பார், மறுபடி கேட்டால் கண்ணாடியைக் காணோம் என்பார், கண்ணாடி மூக்கின் மேலேயே இருக்கும். ஆட்டத்தன்று காலையில் நான் மிஷினுக்கு பெல்ட் வாங்கப் போயிருந்தேன். கிளப் ஆள் அவசரமாக வந்து கேட்டதும் அப்பா மூட்டையை அப்படியே கொடுத்து அனுப்பிவிட்டார். மறந்துவிட்டேன் என்கிறார். முப்பது வருஷத்தில் ஒரு ஸ்டாப்பை மறந்ததில்லை இந்த மனுஷன்.

வேறு சட்டை இல்லாததால் புதுப் பையன் அதையே மாட்டிக்கொண்டு இறங்கினான், இறங்கினவன் இரண்டு கோல் போட்டுத் தொலைத்தான். மைக்கில் அறிவிக்கிறவர் முதுகைப் பார்த்துப் படிக்கிற ஆள், வெட்டுக்கிளி என்று அலறினார், கூட்டமும் கூடவே அலறியது. அப்பா எழுந்து நின்று கை சிவக்கத் தட்டினாராம். அப்புறம் கோல் போட்டவன் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாராம்.

திங்கட்கிழமை கிளப்பிலிருந்து வசவும் வந்தது, சட்டைகளும் திரும்பி வந்தன, பின்னாலேயே ஊன்றுகோலோடு வெட்டுக்கிளியும் வந்தான். அன்று உள்ளூர் ரேடியோவிலும் அவன் பெயரையே சொன்னதைக் கேட்டுவிட்டு அக்கம்பக்கத்தார் அவன் அம்மாவுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தார்களாம், அவன் காலை நீட்டிக்கொண்டு உள்ளே படுத்திருந்தானாம். கோபப்படுவான் என்று நினைத்தேன், படவில்லை. பெயரை அவன் கண் முன்னாலேயே பிரித்துவிடச் சொன்னான். அப்பா பிளேடை எடுத்தபடியே, கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும், அடுத்த வருஷம் நீதான் ராஜா என்று ஆரம்பித்தார். அவன் சொன்னான்:

“எல்லாரும் இதேதான் சொல்றாங்க சார். வலிக்குதான்னு ஒருத்தர்கூடக் கேக்கலை.”

இரண்டு மாதமாக அவன் முழங்காலைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவர் பிளேடை நிறுத்தினார். வலிக்கிறதா என்று கேட்டார். படி ஏறும்போது வலிக்கும், தூக்கத்தில் புரண்டால் வலிக்கும், திரும்ப ஆட முடியுமா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவன் உடைந்து அழுதுவிட்டான். அப்பா ஒரு சமாதானமும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு தையலைப் பிரித்தார். பிரித்த எழுத்துகளை அவனே பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

அவன் தெருமுனை திரும்பியதும் அப்பா என்னிடம் கேட்டார்: “நாம அவகிட்ட கேட்டோமா?”

யோசித்துப் பார்த்தேன் கண்ணு. கட்டு எப்போது பிரிப்பார்கள் என்று கேட்டோம், அடுப்படி வேலை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டோம், ஊருக்கே வந்துவிடுகிறாயா என்றும் கேட்டோம். பெற்றவர்கள் இரண்டு பேரும் அதை மட்டும் கேட்கவில்லை.

கை ஆறட்டும், அவசரப்பட்டுக் கனமான எதையும் தூக்காதே. நீ நீண்ட ஆயுளோடு மனக்குறை இல்லாமல் இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்று நினைவில் வை. அந்தக் கேள்வியை நானே இதில் எழுதப் போனேன், அப்பா பேனாவைப் பிடித்துக்கொண்டார், ஞாயிற்றுக்கிழமை போனில் தானே கேட்கப் போகிறாராம். கேட்பதற்கு முன் ரொம்ப நேரம் தொண்டையைக் கனைப்பார். நன்றாக இருக்கிறேன் என்று நீ முந்திக்கொள்ளாதே. அந்த மனுஷன் கேட்டு முடிக்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா