வரையாத அடுப்படி

மாமல்லபுரம்
12.1.2026

அன்புள்ள பூங்கொடிக்கு,

மாவுக்கட்டுப் போட்ட கால் எப்படி இருக்கிறது? எனக்கு டேப் பிடிக்கிறேன் என்று சொந்த வீட்டு மொட்டைமாடி ஏணியில் ஏறி விழுந்தவள் இந்தக் கட்டடக்கலை ஆபீஸ் சரித்திரத்திலேயே நீ ஒருத்திதானாம்! போனில் பேசினால் அம்மா காதில் விழும் என்று வெறும் 'ம்' கொட்டுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். உன் அண்ணன் ஹரிஹரன் லோடு வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று கல்யாணி மேடம் ஒரு நூலகத்தின் கூரையை அட்டையில் செய்து மேசைமேல் வைத்தார். ஜன்னல் வெயில் அதற்குள் புகுந்து தரையில் கோடு கோடாக விழுந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இதைப் பார்க்க நமக்குச் சம்பளமும் தருகிறார்கள்! அப்பா இன்னும் நம்பவில்லை. "படிக்கிற பசங்களுக்கு எவன் டப்பு குடுப்பான்? நல்லா விசாரிச்சியா?" என்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் வீட்டை ஒருவர் அறை விடாமல் அளந்து கையால் வரைய வேண்டும், அதைப் பார்த்துத்தான் மேடம் நம்மை ஆறு மாதப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வார். என் வீட்டை நீ முடித்துவிட்டாய். உன் வீட்டில் அடுப்படி மட்டும் பாக்கி. நான் டேப்போடு உள்ளே போகப் பார்த்ததும் உன் அம்மா குறுக்கே நின்று, "அதெல்லாம் வாணாம்மா. காலனிப் பொண்ணு நீ, உனக்கே தெரியாதா?" என்றது... விடு. எனக்கென்ன புதிதா?

ஷாரோன் அளக்காத அறையை வரைய விடமாட்டேன் என்று நீ அன்றைக்கே குதித்தாய். உனக்கென்னடி, வயல் இருக்கிறது, வண்டி இருக்கிறது. எனக்கு இந்த இடம் போனால் போனதுதான். நீயே அளந்து அனுப்பு, நான் வரைந்துவிடுகிறேன். யாருக்கும் தெரியாது.

உன்
ஷாரோன்


வேடந்தாங்கல்
16.1.2026

என் ஷாரோனுக்கு,

யாருக்கும் தெரியாது என்கிறாய். எனக்குத் தெரியுமே.

படாளத்தில் உன் வீட்டை அளந்த நாளையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். ஒரே அறை, ஐந்து பேர். காலையில் உன் தம்பி ஜோஷ்வா படிக்கிற இடம், மதியம் அம்மா தைக்கிற இடம், சாயங்காலம் ஜெபக்கூட்டம், அப்புறம் எல்லாருக்கும் படுக்கை. எந்தச் சாமான் எப்போது எங்கே போகிறது என்று எழுதியே எனக்குக் கை வலித்தது. இத்தனை வருஷம் கட்டடக்கலை படித்தும், ஒரு அறை இவ்வளவு செய்யும் என்று எனக்குத் தெரியாது. அசந்து போனேன்.

உன் அம்மா டேப் முனையைப் பிடித்துக்கொண்டே, "அடுப்பாண்டயும் அளந்துக்கோ கண்ணு, பானையெல்லாம் நவுத்தித் தரேன். முதல்ல துன்னு, மீன் குழம்பு சூடா கீது" என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். நீ யாரு, எந்தத் தெரு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனால் நீ எழுதியதும் நியாயம்தான். வீறாப்பு காட்ட எனக்கு வசதி இருக்கிறது. அம்மா களத்துக்குப் போன நேரம் பார்த்து, ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி அடுப்படியை அளந்துவிட்டேன். அளவு இதோடு இருக்கிறது. வரைவதும் விடுவதும் உன் இஷ்டம். வரைந்தால் கோபப்பட மாட்டேன், சத்தியமாக.

பூங்கொடி


மாமல்லபுரம்
25.1.2026

அடியே பூங்கொடி,

நேற்று படங்களை மாட்டி எல்லார் வீட்டாரையும் வரச்சொல்லியிருந்தார்கள்.

உன் அளவை வைத்துப் பென்சிலில் அடுப்படியை வரையத்தான் வரைந்தேன். மேடை, சிங்க், ஜன்னல் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் உள்ளே நான் நிற்பது மட்டும் கண்ணுக்கு வரவே இல்லை. நீ நொண்டுவதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். சுற்றிலும் சுவர், உள்ளே வெறும் வெள்ளை.

மாட்டியதும் பார்த்தால், அம்மாடி! அவ்வளவு பெரிய வீட்டில் கண் அந்த வெள்ளைக்குத்தான் போகிறது. சளசளவென்று வந்தவர்கள்கூட அதன் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்கள். நாம் செய்ததுதானா என்று எனக்கே பயமாக இருந்தது.

மேடம் வந்தார். "முடிச்சிட்டீங்களா?" என்றார்.

"முடிச்சிட்டோம் மேடம்."

இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "பூங்கொடிக்குக் கால் சரியானதும் வரச் சொல்லு. ரெண்டு பேரும் ஆறு மாசமும் இங்கதான் இருக்கீங்க" என்றார். நான் பாத்ரூமுக்கு ஓடிப்போய் அழுதேன்.

அப்புறம்தான் ஹரி அண்ணன் உன் அம்மாவைக் கூட்டிவந்தார். விரலை வைத்து, "இது கூடம், இது சாமி ரூம்பு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர்கள் வெள்ளையில் நின்றுவிட்டார்கள். "எங்கூட்டு அடுப்பு எங்க?"

"நான் உள்ள போகலைங்கம்மா. அதான் வரையலை" என்றேன்.

பக்கத்தில் நீ வரைந்த என் வீடு. அடுப்போரம் ஒரு தட்டு போட்டு, 'பூங்கொடி சாப்பிட்ட இடம்' என்று எழுதியிருக்கிறாயே, அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அப்படியே திரும்பி வண்டிக்குப் போய்விட்டார்கள். உனக்கு ஏதும் அடி விழுந்ததா?

ஷாரோன்


வேடந்தாங்கல்
28.1.2026

ஷாரோன்,

அடியெல்லாம் விழவில்லை. சோறு வந்தது, பேச்சுதான் வரவில்லை. இன்று காலையில் அம்மா திடீரென்று கட்டிலோரம் வந்து நின்று, "அத்தினி பேரு பாக்கற எடத்துல நம்ம வூடு மட்டும் அடுப்பில்லாம நிக்குது. மானம் போவுது. அந்தப் பொண்ண வரச் சொல்லு, உள்ள வந்து அளந்துகினு போவட்டும்" என்றார்கள்.

இந்த வீட்டில் இப்படி ஒரு வார்த்தையை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. வீட்டில் எதற்கும் உத்தரவு போடுகிற பெரியப்பா கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். "அவரா எனக்கு ஆக்கிப் போடறாரு?" என்றார்களே பார்க்கணும்!

ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. டேப்பை மறந்துவிடாதே.

பூங்கொடி


மாமல்லபுரம்
30.1.2026

அன்புள்ள பூங்கொடிக்கு,

ஹரி அண்ணன் வண்டி கிளம்பும் முன்பே, ரோட்டில் நின்றபடி உன் கடிதத்தைப் படித்துவிட்டேன். அந்த வார்த்தையைச் சொல்ல உன் அம்மா என்ன பாடு பட்டிருப்பார்கள்! நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது. பெரியப்பாவையா அப்படிச் சொன்னார்கள்? நான் கும்பிட்டேன் என்று சொல்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. படம் முடிந்தது என்று மேடமிடம் சொல்லியாயிற்று, அதில் இனி ஒரு கோடும் சேர்க்க மாட்டேன். டேப்போடு வந்தால், வேலை முடிந்ததும் வெளியே போய்விட வேண்டும்.

கோபம் இல்லைடி. நம்பு. எனக்கும் ஆசை இருக்கிறது. உன் அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்: அளக்கக் கூப்பிட்டால் வர மாட்டேன். சாப்பிடக் கூப்பிடட்டும், ஓடி வருகிறேன்.

உன்
ஷாரோன்