எடுக்கக் கூடாத அழைப்பு

அயனம்பாக்கம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ஜஸ்டினுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது உங்களையும், உங்களோடு கப்பலில் இருக்கும் எல்லாரையும் ஆண்டவர் சுகத்தோடு வைத்திருப்பாராக. உங்கள் ஏஜென்ட் அலுவலகத்து ரோஹித் வியாழக்கிழமை உங்கள் கப்பல் நிற்கும் துறைமுகத்துக்குப் புறப்படுகிறார். உங்களுக்கெல்லாம் அனுப்பும் மருந்துகளோடு இதையும் எடுத்துப்போகச் சம்மதித்திருக்கிறார். கப்பல் முதலாளிகளின் வழக்கு முடியாமல் கப்பலை விடமாட்டார்கள், கப்பலிலிருந்து உங்களையும் இறங்கவிடமாட்டார்கள் என்றுதான் அவரும் சொல்கிறார். ஆனால் விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்களாம். இதுவரை அதுகூட இல்லையே.

இங்கே ஏரி நிரம்பிவிட்டது. உங்கள் பைக்கை அவ்வப்போது ஸ்டார்ட் செய்துவைக்கிறேன். முரண்டு பிடிக்காமல் கிளம்புகிறது. குடிதண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள் என்றீர்களே, இப்போதாவது போதுகிறதா?

சபையில் சங்கிலி ஜெபம் தொடங்கியிருக்கிறது. அவரவர் வீட்டில், ஆளுக்கு ஒரு மணி நேரம். முடிந்ததும் அடுத்தவருக்கு ஒரு மிஸ்டு கால். அவர் அதை எடுக்கக் கூடாது. எழுந்து உட்கார வேண்டும். எனக்கு விடியற்காலை ஐந்து மணி. எனக்கு அடுத்தது ஆவடி குவார்ட்டர்ஸ் சுலோசனா ஆன்ட்டி.

நம் விஷயத்தை நாலு பேர் வாயில் போட எனக்குப் பிடிக்காது, தெரியுமே. 'பிரயாணத்தில் இருக்கும் ஒரு சகோதரருக்காக' என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். என் ஜெபமும் அப்படித்தான் இருந்தது. படித்த புத்தகங்களின் வாசனையோடு நல்ல நல்ல வாக்கியங்களாக அடுக்குவேன். அடியில் கிடந்தது ஒரே கேள்வி: எப்போது?

போன செவ்வாய் முழங்காலிலேயே தூங்கிவிட்டேன். மிஸ்டு கால் கொடுக்கவில்லை. விடிந்தபின் ஆன்ட்டியே அழைத்தார். சங்கிலியை அறுத்துவிட்டேனே என்று கூசிப்போய் எடுத்தேன். "இன்னாம்மா எழிலு, அசந்துட்டியா? உன் நேரத்துக்கும் சேத்து நானே உக்காந்துகினேன். ஆண்டவரு இன்னா, ஆப்சென்ட்டா போடப் போறாரு?" என்று சிரித்தார். பிறகு, "எத்தினி நாளு சகோதரரு சகோதரருன்னே சொல்லிகினு கீறது? ஒரு பேரு குடேன்" என்றார்.

சொன்னேன். சொன்னபோதுதான் தெரிந்தது, உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு நாளாகிறதென்று.

இப்போது வாக்கியம் தேடுவதில்லை. உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சில நாள் அதோடு சரி. 'எப்போது' என்று கேட்க மறந்தே எழுந்துவிடுகிறேன். பதில் வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜெபத்தைக் கேட்கிறவர் அறையில்தான் இருக்கிறார்.

கடைசியாகப் பேசியபோது, 'ஜெபமே வரல, எழில்' என்றீர்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். உங்கள் நேரத்துக்கும் சேர்த்து நான் உட்காருகிறேன்.

போகும்போது உங்களோடு வந்த ஆண்டவர், திரும்பும்போதும் கூடவே வருவார். அதுவரை, சிக்னல் கிடைக்கிற நாளில், எந்த நேரமானாலும், ஒரே ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். எடுக்கமாட்டேன். எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.

உங்கள்
எழில்