செங்கேணியின் வெள்ளிக் கை

உத்திரமேரூர் பக்கம்
3-10-1979

அன்புள்ள மகன் ஏசுதாஸுக்கு நைனா சாமுவேல் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். மெட்ராஸில் நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம்.

உன் கடிதமும் அதில் மடித்து வைத்திருந்த பேப்பர் துண்டும் கிடைத்தன. பேப்பரில் வந்திருந்த போட்டோவை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். உன் அம்மாவின் கையேதான். அரிவாள் பட்டுக் கோணிப்போன சுண்டுவிரல், பாதி நகம், சேற்றுப்புண் ஆறின தழும்பு, ஒன்றையும் நீ விடவில்லை. போன கோடையில் வந்து அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவி, வெள்ளை மாவைக் குழைத்துப் பூசி உட்கார வைத்தாயே, ஏதோ படிப்புக்கு வேண்டிய வேலை என்று நினைத்தேன். அது வெள்ளியாகி டில்லியில் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்காரும், காவலுக்குப் பக்கத்தில் ஆள் நிற்பான் என்று யார் கண்டது?

வெள்ளி கொடுத்து உதவிய அந்தச் சேட்டு நன்றாயிருக்கட்டும். உன் அம்மா போட்டோவைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, இவ்வளவு வெள்ளியைக் கையில் கொட்டிப் பாழாக்குவதற்கு ஒரு ஜோடி கொலுசு பண்ணியிருந்தால் காலுக்காவது ஆகியிருக்கும் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாயிற்று.

மண்ணில் செய்திருந்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள், வெள்ளியில் செய்தால் விலை கேட்பார்கள், அப்படிக் கேட்கிறவர்களிடம் இந்தக் கைக்கு இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்று திருப்பிக் கேட்கத்தான் செய்தேன் என்று எழுதியிருந்தாய். எனக்குப் புரிந்தது. நல்ல கேள்விதான். டில்லிக்காரர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று நீ எழுதவில்லை.

இங்கே நாற்று தயார். அடுத்த வாரம் ஆண்டை வீட்டு நடவு. ஆண்டை என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும், அதனால் இனிமேல் கன்னியப்பன் என்றே எழுதுகிறேன். எழுத வருகிறது, வாயில்தான் வரமாட்டேன் என்கிறது. எதிர்வீட்டுப் பாஞ்சாலிதான் இந்த வருஷமும் நடவுக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிறாள். பேப்பரை வாங்கிக்கொண்டு போய்த் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். டீக்கடை வரைக்கும் போய் ஓரம் கிழிந்து திரும்பியது. கூரைக்கு ஓலை மாற்றவில்லை. மழைக்கு முன்னால் பார்க்க வேண்டும்.

மாவு பூசிய அன்றைக்கு உனக்காகக் கருவாட்டுக் குழம்பு வைத்தாளே, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று தொடாமல் போய்விட்டாய். அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அடுத்த தடவை ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிடு.

வழக்கம்போல இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் அவள் கையால் தடவிக் கொடுத்திருக்கிறாள். மூலையில் அழுக்காய்த் தெரிந்தால் அது அவளுடைய ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் நைனா
சாமுவேல்

*

உத்திரமேரூர் பக்கம்
2-11-1979

அன்புள்ள ஏசுதாஸுக்கு நைனா எழுதுவது. ஸ்தோத்திரம். நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். உன் அம்மாவும் சுகம்தான். சுகம் என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப் போகிறேன், பொறுமையாகப் படி.

மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, சட்டி வைத்திருக்கிறேன்.

கன்னியப்பன் வீட்டு நடவுக்குப் பாஞ்சாலி உன் அம்மாவைக் கூப்பிடவில்லை. முதல் நாள் மறந்துவிட்டாள் என்று நினைத்தோம். மறுநாளும் நம் வாசலைத் தாண்டிப் போனாள். கை வெள்ளியாகிவிட்டது, இனி சேற்றில் வைப்பாளா என்று கேலிக்குத்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நான் சமாதானம் சொன்னேன். உன் அம்மா கேட்கவில்லை. கூப்பிடாமலே போய் வரிசையில் இறங்கி நாற்று முடியைக் கையில் எடுத்திருக்கிறாள். இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் நகர்ந்துவிட்டார்கள். கன்னியப்பன் வரப்பில் நின்றபடியே ஏறச் சொல்லிவிட்டான். அவள் தொட்டுப் போட்ட நாற்று முடிகளை யாரும் எடுக்கவில்லையாம். சாயங்காலம் வரைக்கும் வரப்பிலேயே கிடந்து வாடியதாம். வீட்டுக்கு வந்து அதைத்தான் முதலில் சொன்னாள், நாற்று வீணாகிவிட்டது என்று.

விஷயம் இதுதான். நம் பக்கத்தில் வெள்ளியில் கை, கால், கண் எதற்குச் செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். மெட்ராஸ் போய் மறந்துவிட்டாயோ என்னவோ. கண் நோவு தீர்ந்தால் கண் அடித்த வெள்ளித் தகடு, கால் நோவு தீர்ந்தால் கால் அடித்த தகடு, கோயில் உண்டியில் போடுவார்கள். மாதா கோயிலிலும் அதே வழக்கம்தான். சாதாரண நோவுக்கே ஒரு தகடு. செங்கேணிக்கோ முழுக் கையையே செய்து டில்லி வரைக்கும் அனுப்பியிருக்கிறான் பிள்ளை. அப்படியானால் நோவு எவ்வளவு பெரிசாயிருக்க வேண்டும்? போட்டோவில் விரல் கோணலாய் இருக்கிறது, நகம் பாதிதான் இருக்கிறது, தழும்பு தெரிகிறது. தெருவே சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. பெருவியாதி, குஷ்டம் என்று.

அந்த விரலை அறுத்த அரிவாளைத் தெரிந்தவர்கள்தான் எல்லோரும். கூடவே அறுப்பு அறுத்தவர்கள். பேப்பரில் பார்த்த பிறகு அவர்களுக்கே அது வேறு விரலாகிவிட்டது.

நான் வீடு வீடாகப் போய் இது கலை, வேண்டுதல் இல்லை என்று சொன்னேன். கலை என்ற வார்த்தையை நம் தெருவில் இதற்கு முன்னால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், சொல்லிக்கொண்டு போனால் எனக்கே வேடிக்கையாய்த்தான் இருந்தது. கன்னியப்பனிடமும் போனேன். அவன் கோபப்படவில்லை, நிதானமாகத்தான் கேட்டான்.

"நோவு இல்லாத கைக்கு எவனாவது வெள்ளி போடுவானா சாமுவேலு? அதுவும் ஒரு கூலிக்காரி கைக்கு?"

டில்லியில் நீ கேட்ட கேள்விக்கு இங்கே இதுதான் பதில் போலிருக்கிறது. நல்ல கை என்பதற்காகவே ஒருவன் அதை வெள்ளியில் செய்வான் என்பது யார் மனசிலும் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால், முதலில் என் மனசிலும் ஏறவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்து, சூடு குளிர் வைத்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வந்து பாஞ்சாலியிடம் சொன்னேன். அவள் கெட்டவள் இல்லை, உனக்கே பால் கொடுத்திருக்கிறாள். சொல்லும்போது அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"டாக்டரு ஆயிரம் சொல்லட்டும்ண்ணே. பெத்த புள்ளையே அவ ஆக்கி வெச்சத ஒரு வாய் துன்னாம எழுந்து போனானே. நான் எதிர்ல குந்திக்கினு பாத்துக்கினுதான இருந்தேன். அவனுக்குத் தெரியாததா?"

ஏசுதாஸ், நீ பஸ்ஸுக்குத்தான் போனாய் என்று எனக்குத் தெரியும். கையில் அந்த மாவு அச்சு இருந்தது, உடைந்துவிடப் போகிறதே என்ற பயத்தில் இருந்தாய். குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாய். அதையும் தெருவே பார்த்தது. அதை யாரும் சொல்வதில்லை.

உன் அம்மா இப்போது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நடக்கிறாள். எனக்குச் சோறு போட அகப்பையை எடுக்கிறாள். இத்தனை வருஷத்தில் அகப்பையால் எனக்குச் சோறு போட்டதில்லை. விளக்கு வைத்த பிறகு அந்தப் பேப்பர் துண்டை ஒரு பக்கமும் தன் கையை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விரலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்து, இங்கே உணர்ச்சி குறைச்சலாக இருக்கிற மாதிரி இல்லையா என்று என்னையே கேட்கிறாள். ஊர் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் களைத்துப் போய்விட்டேனப்பா.

நான் அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டால் எடுபடாது. புருஷன் சாப்பிடாமல் எங்கே போவான் என்பார்கள். நீ பட்டணத்தில் படித்தவன், உன் பேச்சைவிட உன் வாயைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். பேப்பரில் எழுத வேண்டாம், யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம். அந்த வேலையை நான் செய்து பார்த்துவிட்டேன். அறுப்புக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. வாசலில், பாஞ்சாலி வீட்டைப் பார்த்தபடி உட்கார். அவள் சோற்றைப் பிசைந்து உருட்டி உன் கையில் வைப்பாள், சின்ன வயசில் வாங்கின மாதிரி வாங்கிச் சாப்பிடு. வயிறு நிறையச் சாப்பிடு. கருவாடு நான் வாங்கி வைக்கிறேன்.

டில்லியில் இருக்கிற கை பத்திரமாக இருக்கட்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. இதை ஒட்டுவதற்கு முன்னால் வழக்கம்போல அவளிடம் நீட்டினேன். கையை முந்தானைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. "வாணாம், புள்ள கையில படப்போற காயிதம்" என்று சொல்லிவிட்டாள். அதனால் இந்தத் தடவை மூலையில் அழுக்கு இருக்காது. அவளுடைய ஆசீர்வாதம் இங்கேயே இருக்கிறது, நீ வந்து அவள் கையால் வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் நைனா
சாமுவேல்