எஞ்சின் நம்பர்

1996 மார்ச் 12, செவ்வாய்

சிவநேசன் மாஸ்டரின் பழைய ஜப்பான் காருக்கு, கிடைப்பதற்கு அரிதான ட்வின்கேம் எஞ்சினை கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் இருக்கும் என் கராஜில் பூட்டிக் கொடுத்து நான்கு நாள்தான். "கார்ப் பதிவுப் புத்தகத்தில எஞ்சின் நம்பரை மாத்திப்போட்டு எடுக்கட்டோ?" என்று கேட்டார். "அதைப் பிறகு பார்ப்பம், ஓட்டுங்க மாஸ்டர்" என்றேன்.

இன்று காலை சோதனைச்சாவடியில் எஞ்சின் நம்பர் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. அடையாள அட்டையும் யாழ்ப்பாணத்து விலாசம். புலியோ என்ற சந்தேகத்தில் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவருடைய மனைவியோடு நானும் பொலிசுக்குப் போனேன். எஞ்சினை மாற்றியது யார் என்று மாஸ்டரைக் கேட்டார்கள். என்னை ஒருதரம் பார்த்தார். கொழும்பில் யாரோ என்றார். நான் வாய் திறக்கவில்லை. அவர்கள் மாஸ்டரை விடவுமில்லை.

வெளியே வந்ததும், "நீங்கள் கூட வந்ததே பெரிய உதவி, தம்பி" என்றார் மாஸ்டரின் மனைவி.

வீட்டுக்கு வந்தபோது பசித்தது. சாப்பிட்டேன்.