நாலு மணிக்கு வந்து சாமான் தூக்குகிறவன்

பிப்ரவரி 4, 1993. வியாழன்

பிப்ரவரிக் கோடை, நாற்பத்திரண்டு டிகிரி. நான் வேலை செய்யும் கறிக்கடையின் குளிர் அறைக்குள் நிற்பதற்காகவே, தீர்ந்துபோன சாசேஜைத் தேடுவதுபோல் இரண்டு தடவை உள்ளே போனேன். முதலாளி கெவ் என் பின்னாலேயே நுழைந்தார். அவரும் அதற்குத்தான் வந்தார்.

மதியம் ஜீனெட் வந்தாள். என்னோடு படித்தவள். எனக்குப் பன்னிக்குட்டி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அவள் மகள் டானியாவுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு வயது பத்தொன்பது. "சனிக்கிழமை ஹால்ல கிச்சன் டீ. ஸ்கோன் ரொட்டி நீ பண்ணிடு கோரல். எங்களுக்கெல்லாம் வீடு, பிள்ளைன்னு நேரம் எங்க இருக்கு?"

எனக்கு முப்பத்தாறு. கிச்சன் டீ என்றால் மணப்பெண்ணுக்கு ஊர்ப் பெண்கள் கூடிச் சமையல் சாமான் கொடுக்கிற டீ விருந்து. இந்த ஊரில் கல்யாணமான அத்தனை பேர் சமையலறையிலும் நான் கொடுத்த ஏதாவது ஒரு சாமான் இருக்கிறது. முட்டை அடிக்கிற கருவி, கேக் தட்டு, பூப்போட்ட துண்டு. என் சமையலறை மட்டும் அம்மாவுடையது.

அம்மாவிடம் சொன்னேன். "ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் ஸ்கோன் சுட்டாச்சு. ஒருத்தனாவது உன்னை மோந்து பாத்தானா?" என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிப்ரவரி 6. சனி

டானியாவின் டீயில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

டாய்லெட் பேப்பர் விளையாட்டு வந்தது. யாராவது ஒருத்தியை நிறுத்தி, பேப்பரைச் சுற்றிச் சுற்றி மணப்பெண் உடை செய்ய வேண்டும். ஜீனெட் சொன்னாள்: "கோரலை நிறுத்துங்கப்பா. அவளுக்கு இதை விட்டா வேற கவுன் ஏது?"

"ரெண்டு ரோல் கூட எடுங்கடி, ஒண்ணு பத்தாது," என்றாள் மெர்ல். ஊர்ப் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எப்போதும் நான்தான் முதலில் சிரிப்பேன், சத்தமாக. அப்படிச் சிரித்தால் பாதி வலி குறையும். வேர்வையில் பேப்பர் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. தலையில் முக்காடு போட்டு போட்டோ எடுத்தார்கள். டானியா, நான் மடியில் வைத்து பால் புகட்டிய டானியா, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அப்போது பேப்பருக்குள்ளிருந்து என் குரல் வந்தது. "எனக்கும் நிச்சயமாயிடுச்சு."

"யாரோட?" என்றாள் ஜீனெட். பக்கத்து டவுன், ஸ்வான் ஹில்காரர் என்றேன். பேர் கேட்டாள். அவங்க வீட்ல இன்னும் சொல்லலை, அப்புறம் சொல்றேன் என்றேன். மெர்ல் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். என் கவுன் கிழிந்தது.

பிப்ரவரி 7. ஞாயிறு

பொய் சொன்ன மறுநாள் இவ்வளவு பசிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 9. செவ்வாய்

மெர்ல் நோட்டுப் புத்தகத்தோடு கடைக்கே வந்துவிட்டாள். "இந்த ஊர்ல எந்தப் பொண்ணையும் டீ குடுக்காம அனுப்பினதில்ல. மார்ச் பதிமூணு ஹால் காலியா இருக்கு. மாப்பிள்ளை நாலு மணிக்கு வந்துடணும், சாமான் தூக்க. வழக்கம் உனக்குத் தெரியும்ல?"

தெரியாதா எனக்கு? நாலு மணிக்கு மாப்பிள்ளை வண்டியோடு வருவான். பெண்கள் கைதட்டுவார்கள். அவன் காது சிவக்கப் பெட்டிகளை ஏற்றுவான். ஒவ்வொருத்தியும் அவனைச் செருப்பிலிருந்து தலைவரை எடைபோடுவாள். மாப்பிள்ளை வராத டீ இந்த ஊரில் நடந்ததே இல்லை.

மாப்பிள்ளைக்கு எங்கே போவேன்?

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "யாருடி அந்தக் குருடன்?"

பிப்ரவரி 16. செவ்வாய்

கல்யாணமாகாத ஆண்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர். கிளாரிக்கு எழுபத்தொன்று. கெவ்வின் தம்பி ஜெயிலில். மூன்றாவது மெர்வின்.

செவ்வாயும் வெள்ளியும் ஸ்வான் ஹில் அறுப்புக்கூடத்திலிருந்து கறி லாரி ஓட்டி வருகிறவன். நாற்பத்து மூன்று வயது. தோளுக்கு ஒரு ஆடு தூக்குவான். திக்குவாய். கெவ்வுக்குச் சிரிக்கத் தோன்றும்போதெல்லாம், "உன் பேர் என்னப்பா, மறந்துபோச்சு," என்பார். அவன் "ம்... ம்..." என்று தொடங்குவான், கெவ் மாடு மாதிரிக் கத்துவார். கடையே சிரிக்கும். நானும்தான்.

குளிர் அறையில் வைத்துக் கேட்டேன். "ஒரே ஒரு சனிக்கிழமை. ஒரு மணி நேரம். என்னைக் கட்டிக்கப் போறவர் மாதிரி வந்து நாலு பெட்டி தூக்கணும். பேச வேண்டாம்."

கொக்கியில் ஆட்டை மாட்டினான். கையைத் துடைத்தான். "எ-எத்தனை மணிக்கு?" என்றான்.

ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 13. சனி

எனக்குக் கிச்சன் டீ நடந்தது. எனக்கு. நடுவில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். வேறு யாரோ ஸ்கோன் சுட்டிருந்தார்கள். கல் மாதிரி இருந்தது. நான் ஐந்து தின்றேன்.

கத்திகள், கண்ணாடிக் கிண்ணங்கள், எலக்ட்ரிக் வாணலி. ஜீனெட் கொடுத்தது ஒரு மாவு சலிக்கும் சல்லடை. இருபது வருஷத்துக்கு முன் அவள் டீக்கு நான் கொடுத்த அதே சல்லடை. பெட்டியைக் கூடப் பிரிக்கவில்லை. நன்றி சொன்னேன்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கறி லாரி வந்து நின்றது. கழுவிப் பளபளவென்று இருந்தது. மெர்வின் யாருடைய கோட்டையோ போட்டிருந்தான், செத்துப்போன அப்பாவுடையதாக இருக்கும். பெண்கள் கைதட்டினார்கள். கறி லாரியைப் பார்த்து ஜீனெட் பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளியதை நான் பார்த்தேன்.

மெர்ல் கேட்டாள்: "சரி, எங்க கோரல்கிட்ட என்னத்தைப் பாத்தீங்க?" சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு எல்லாரும் காத்திருந்தார்கள். பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவன் பேசினான். ரொம்ப நேரம் ஆயிற்று.

"ச-ச-சிரிப்பு," என்றான். "க-கடையில... இ-இவங்க சிரிக்கிற ச-சத்தம் ரோடு வரைக்கும் க-கேக்கும்."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஜீனெட்டின் முகத்தைப் பார்த்தேன். இதற்காகத்தான் நான் பிறந்தேன் என்று தோன்றியது.

வீட்டில் பெட்டிகளை இறக்கி வைத்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு மோதிரம் எடுத்தான். அவன் அம்மாவுடையது. "நி-நிஜமாவே கேக்கறேன்."

மாட்டேன் என்று சொன்னால் ஒவ்வொரு சாமானையும் ஒவ்வொரு வீட்டுக்கும் நானே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுவும் வழக்கம்தான். சரி என்றேன். பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

மார்ச் 14. ஞாயிறு

அவனைப் பிடித்திருக்கிறதா? தெரியவில்லை. அதை யார் கேட்டார்கள்? எனக்குக் கல்யாணம் வேண்டும். சர்ச் நடுவில் நடக்க வேண்டும், அவர்கள் எழுந்து நிற்க வேண்டும்.

ஏப்ரல் 9. பெரிய வெள்ளி

பாதிரியார் நல்லவர். மெர்வின் உறுதிமொழி முழுவதும் சொல்ல வேண்டியதில்லை, கேள்வி மாதிரி கேட்கிறேன், தலையாட்டினால் போதும் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் என் பேரைச் சொல்லி என்னை ஏற்றுக்கொள்வதை ஜீனெட் காது குளிரக் கேட்க வேண்டும்.

இன்று மூன்று மணி நேரம் பழக்கினேன். "மெர்வினாகிய நான்" என்பதைத் தாண்டவே முடியவில்லை. அவன் பேரிலேயே அவன் சிக்கிக்கொள்கிறான். "ஆறு வயசுப் பிள்ளை சொல்லும் இதை. வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்திவிட்டேன். ஜீனெட் குரல் மாதிரியே இருந்தது. அது எனக்குக் கேட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

கிளம்பும்போது சொன்னான்: "உ-உங்களுக்கு வேணும்னா... ச-சொல்லிடறேன்."

மே 8. சனி

எழுந்து நின்றார்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். தொண்ணூறு பேர் எனக்காக எழுந்து நின்றார்கள்.

பாதிரியார் வரியைச் சொன்னார். மெர்வின் வாயைத் திறந்தான். "ம்..." பிறகு மறுபடியும் "ம்..." கழுத்து நரம்பு புடைத்தது. என் கையைப் பிடித்திருந்த அவன் கை ஈரமாயிற்று. பின் வரிசையிலிருந்து கெவ் மெதுவாக, மாடு மாதிரி, "ம்ம்மா" என்றார்.

ஒரு மூக்கு சீறியது. அப்புறம் இன்னொன்று. முன் வரிசையில் ஜீனெட் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். முழு சர்ச்சும் அடக்கிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, சிரிப்பு என்மேல் இல்லை. நாளெல்லாம் கடித்த செருப்பைக் கழற்றியது போல இருந்தது.

நான் சிரித்தேன். ஐயோ, நான்தான் முதலில் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு அல்ல. ரோடு வரைக்கும் கேட்கிற என் சிரிப்பு. அதற்குப் பிறகு எல்லாரும்.

அவன் நிறுத்திவிட்டான். என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. காதில் விழுந்தது சரிதானா என்று பார்ப்பது போல ஒரு பார்வை, அவ்வளவுதான். பிறகு பாதிரியார் பக்கம் திரும்பித் தலையாட்டினான். அவர் அதையே ஆமென்று எடுத்துக்கொண்டார்.

விருந்தில் மாப்பிள்ளை பேச வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய்விட்டார்கள். முடிந்ததும் அவன் ஹால் நாற்காலிகளை ஒன்றொன்றாய் மடக்கி அடுக்கினான்.

மே 9. ஞாயிறு

திருமதி மெர்வின் கேஸ்லி. மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

ஜூன் 3. வியாழன்

இப்போது மெர்வின் வீட்டில் இருக்கிறேன். நான் எழும் முன்னே அவர் அடுப்பு மூட்டிவிடுகிறார். டீ கொண்டுவந்து தலைமாட்டில் வைக்கிறார். ஜன்னல் ஓட்டையை அடைத்தார், சாமான்களுக்கு அலமாரி செய்தார். பேசுவதில்லை.

"கோவமா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். "பின்ன பேசுங்களேன்." லாரி ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார்: வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வருவேன்.

அம்மாவிடம் போய் அழுதேன். "வாயில்லாத புருஷன். எவளுக்குக் கிடைக்கும் அந்த அதிர்ஷ்டம்?" என்றாள்.

ஜூன் 22. செவ்வாய்

ஒரு கிழட்டு நாயை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஆடு மேய்க்க இனி லாயக்கில்லை என்று பண்ணைக்காரன் சுட இருந்தானாம். இதுவும் கெவ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜூலை 10. சனி

பாங்க்கில் வேலை செய்யும் பெண்ணுக்கு டீ. கல்யாணமானவர்கள் மெத்தை நாற்காலிப் பக்கம். நானும் அங்கே. மணப்பெண்ணுக்கு ஆளுக்கொரு புத்தி சொல்லச் சொன்னாள் மெர்ல். ஜீனெட் ஏதோ படுக்கையறை ஜோக் சொன்னாள். என் முறை வந்தது.

"அவர் பேசறப்ப சிரிச்சுடாதே," என்றேன்.

ஹாலே அதிர்ந்தது. ஜீனெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ இருக்கியே கோரல்," என்று என் தொடையில் தட்டினாள். எங்களில் ஒருத்தி என்கிற தட்டு. அதற்காக நான் என்னென்னவோ செய்திருக்கிறேன். நானும் சிரித்தேன்.

ஜூலை 27. செவ்வாய்

குளிர்காலம், ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு நின்றிருந்தேன். பின்பக்கம் ரேடியோ பேசுவது போலக் கேட்டது. எங்கள் ரேடியோ முன்னறையில் இருக்கிறது.

கொசுவலைக் கதவுக்கு அந்தப் பக்கம், படியில், அவர் நாயோடு உட்கார்ந்திருந்தார். ரயில் கேட்டில் ஒரு ஆடு லாரியை மறித்துக்கொண்டு நின்ற கதையை அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் இறங்கிப் போய், அம்மா தாயே, உன்னைக் கூட்டிப்போக வரலை, எனக்கு வேற சவாரி இருக்குன்னு சொன்னேன். அவ நம்பலை. என் முகத்தைப் பாத்தா அப்படி இருக்கு போல." ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை. தண்ணீர் ஓடுவது போல வந்தது பேச்சு. ஆடு மாதிரி முகம் வைத்துக் காட்டினார். தானே சிரித்தார். அவருக்கு இப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்குத் தெரியாது.

வேடிக்கையான மனுஷர். நான் கட்டிக்கொண்டவர் வேடிக்கையான மனுஷர்.

கதை முடியவில்லை. அடுத்து ரயில் ஸ்டேஷன்காரன் வந்தானாம். நான் கதவில் கை வைத்தேன். திறந்தால் பேச்சு நின்றுவிடும். அடுப்பில் தீய்கிற வாசனை வந்தது, போய் இறக்கினால் பாத்திரம் சத்தம் போடும். அப்படியே நின்று கேட்டேன், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.