புண் பிடித்த விரால்

வல்லம் வடகால்,
ஆடி, 2004

அன்புள்ள செல்லக்கனிக்கு,

நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, நான் வேலை செய்யும் முலாம் பூசும் கம்பெனிக்குப் பின்னால் உள்ள ஏரியில் ஒரு விரால் பிடித்தேன். குழம்பு வைக்கலாமென்று பார்த்தால் உடம்பெல்லாம் புண். கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஸௌம்யா என்ற ஆராய்ச்சி மாணவி, "அதைச் சாப்பிடாதீங்க" என்று தடுத்தார்.

"கழிவுத் தண்ணியில வர்ற குரோமியமும் நிக்கலும் மீனோட எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சிடுது. சாதாரணமா ஒண்ணும் பண்ணாத கிருமிகூட அப்புறம் அதைக் கொன்னுடும்."

"மனுசங்களுக்கும் அப்படித்தானா மேடம்?" என்று கேட்டேன்.

"நாங்க மீனைத்தான் பார்க்கறோம்" என்றவர் என் கையில் இருந்த புண்ணைக் குனிந்து பார்த்தார். முலாம் தொட்டியில் வேலை செய்யும்போது பட்ட சின்னக் கீறல்தான், ஆற மாட்டேன் என்கிறது. பயப்படாதே, டாக்டரிடம் காட்டுகிறேன். அம்மாவிடம் சொல்லாதே.

நம்ம ஊர் மாரிமுத்து லீவு முடிந்து இங்கே வரும்போது கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடு. இங்கே மீன் வாங்கவே மனம் வரவில்லை.

ஆவணியில் இங்கே வருவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் செல்லம். நாங்கள் தங்கியிருக்கும் இடத்து அடிபம்பு அதே ஏரியின் மறுகரையில்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீரை நீ ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. ஊரில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று அண்ணனைக் கேட்கச் சொல். நானே வந்துவிடுகிறேன்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உன்
இசக்கிபாண்டி